குன்னூரில் கைத்தடி வாங்கப் போகிறவர்களுக்கு

பெட்ஃபோர்டிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கும் சின்னப் பழம்பொருள் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பீரோ, கடிகாரம், பித்தளை விளக்கு எல்லாம் இருக்கிறது, அதை விடுங்கள். மூலையில் ஊறுகாய் ஜாடியில் செருகி வைத்திருக்கும் கைத்தடிகளுக்காகவே போகலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கடைக்காரர் எதற்கும் பாலிஷ் போடுவதில்லை. போன வருஷம் வேறொரு கடையில் ஈட்டி மரத்தில் செய்த தடி ஒன்று வாங்கினேன், கேட்காமலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் காலமெல்லாம் பிடித்துப் பிடித்து வந்த வழவழப்பு அதோடு போச்சு. இன்னும் மனசு ஆறவில்லை.

இங்கே எடுத்தது மலாக்கா பிரம்பு. சுமத்ரா பக்கம் விளைவது, மலாக்கா துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் அந்தப் பெயர். இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள ஒரே நீளத்தை வெட்டி எடுப்பதால் மேலிருந்து கீழ்வரை தடவினாலும் கையில் ஒரு கணு தட்டாது. பிடி எருமைக் கொம்பு, பெருவிரல் வைக்கிற இடத்தில் முன்பே லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. பிடிக்குக் கீழே வெள்ளிப் பூண், அதில் அரிசி அளவுகூட இல்லாத முத்திரைகள். கடைக்காரரே லென்ஸை நீட்டி, "நீங்களே பாருங்க சார்" என்றார். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு. நங்கூரம் இருந்தால் இங்கிலாந்தில் பர்மிங்காமில் சோதித்து முத்திரை போட்டது. இரண்டும் இருந்தன, வருஷத்தைச் சொல்லும் எழுத்து மட்டும் தேய்ந்துவிட்டது.

அடிப்பூண் பிற்பாடு மாற்றியது, தடியை ஒரு இஞ்ச் வெட்டியும் இருக்கிறார்கள். இதை அவராகவே சொல்லி, 6,500 சொன்னதை 5,800க்குக் கொடுத்தார்.

வெள்ளைப் பிடி போட்ட இன்னொன்றைத் தந்தமா என்று கேட்டேன். எலும்புதான். உற்றுப் பார்த்தால் பொடிப் பொடியாகக் கரும்புள்ளி தெரியும். தந்தம் என்றால் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரி கோடு ஓடும், எவ்வளவு பழசானாலும் அதை வாங்குவதும் விற்பதும் குற்றம், தொடாதீர்கள்.

குறை என்றால் வெளிச்சம் போதாது. தடியை வாசலுக்குக் கொண்டுவந்து தட்டிப் பாருங்கள், துளையிலிருந்து மாவு கொட்டினால் உள்ளே புழு இன்னும் உயிரோடு இருக்கலாம். ஒரு தடியில் அப்படிக் கொட்டியது, சொன்னதும் மற்றவற்றோடு வைக்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டார். கருங்காலித் தடி ஒன்று இன்னும் அங்கேதான் நிற்கிறது, உயரமானவர்களுக்குச் சரியாக இருக்கும்.