சப் காண்ட்ராக்ட் எடுக்கிற தம்பிகளே, ஃபைலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் அரசு வேலையைச் சப் காண்ட்ராக்டாக எடுத்துச் செய்கிற கொத்தனார்களும் சின்ன காண்ட்ராக்டர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு 6,62,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. வேலை முடிந்தது 2023 நவம்பரில். இன்னும் வரவில்லை. விஷயம் இப்போது சமரசத்துக்குப் போயிருப்பதால் ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே மாதிரி வேலைக்கு இந்த வருஷமும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தொழில் பழைய கட்டடங்களைச் சரிசெய்வது. சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதிப்பது, ஓடு மாற்றுவது. 2023 மே மாதம் ஒரு பெரிய காண்ட்ராக்டர் போன் செய்தார். நகரத்தார் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், பராமரிப்பு வேலைக்கு டெண்டர் விட்டு அது அவருக்கு விழுந்திருக்கிறது, இந்த வேலை தெரிந்த ஆள் அவரிடம் இல்லை. "தம்பி, நீ செஞ்சு குடு, பில் பாஸான மறுநாள் பணம் உன் அக்கவுண்ட்ல இருக்கும்" என்றார். "சரிண்ணே" என்றேன். அவர் அப்பாவிடம் என் அப்பா வேலை பார்த்தவர். எழுதிக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பேசியது 9,00,000, அதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கல்லுக்கு அட்வான்ஸ் கேட்டபோது 4 லட்சம் அக்கவுண்டில் போட்டார், அதற்கு ஈடாகக் கையெழுத்து மட்டும் போட்ட 2 வெற்று செக் வாங்கிக்கொண்டார். "சும்மா ஃபைல்ல கிடக்கட்டும் தம்பி" என்றுதான் சொன்னார். அந்த 2 செக்கும் இன்றுவரை அவரிடம்தான் இருக்கின்றன. இதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். வெற்று செக்தானே கொடுத்தேன், தொகையை நான் எழுதவில்லையே என்று பிறகு சொல்லித் தப்பிக்க முடியாது. கையெழுத்துப் போட்டு நாமாகக் கொடுத்த செக்கை வாங்கியவர் நிரப்பிக்கொண்டாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் பாக்கியை அழுத்திக் கேட்கும்போதெல்லாம் அந்த செக்கைத்தான் அவர் ஞாபகப்படுத்துகிறார்.

வேலையில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆத்தங்குடிக் கல்லை அவசரப்படுத்த முடியாது, கண்ணாடியின் மேல் அச்சு வைத்து நிறம் ஊற்றி, காய்ந்து, தண்ணீரில் ஊறித்தான் வரும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் கல் வரக் காத்திருந்து பதித்தோம். நடுவில் ஒருநாள் டிபார்ட்மெண்ட் ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.) வந்து பார்த்துவிட்டு, வராந்தா சுவரும் உதிர்கிறது, அதையும் கொத்திப் பூசிவிடுங்கள், சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வாய்ச்சொல்தான். 11 நாள் 4 ஆள் கூலி, சுண்ணாம்பு, எல்லாம் என் கைக்காசு. எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு எழுத்தில் உத்தரவு இல்லையென்றால், முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகமான எம்.புக்கில் ஏறாது, எம்.புக்கில் ஏறாதது பில்லில் வராது. வராந்தாவுக்கு இன்றுவரை ஒரு பைசா கிடையாது, நான் மேலே சொன்ன 6,62,000இல் அது சேரவும் இல்லை.

டிசம்பரில் காண்ட்ராக்டர் முழுத் தொகைக்கும் பில் கேட்டார், டிபார்ட்மெண்டில் காட்ட வேண்டும் என்று. கொடுத்தேன். பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், நமக்குப் பணம் வந்ததா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சிமெண்டுக்கும் கல்லுக்கும் கொடுத்த வரி கழிந்தது போக 94 ஆயிரம் சொச்சம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்கள். வராத பணத்துக்கு வரி கட்ட நகையை அடகு வைத்த அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். ஜனவரியில் ஃபண்ட் வரவில்லை என்றார். பிப்ரவரியில் ஆபீசர் லீவு. மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள், "எலெக்ஷன் கோடு தம்பி, ஜூன் வரைக்கும் ஒண்ணும் நடக்காது" என்றார். ஊரில் எல்லா வேலையும் நின்றிருந்ததால் அதை நான் அப்படியே நம்பினேன். ஜூன் போய் ஜூலையும் வந்தது. கல் கொடுத்த ஆத்தங்குடிக்காரருக்கு நான் 85 ஆயிரம் பாக்கி. ஒருநாள் காலையில் வண்டியில் வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், அதான் வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே டிபார்ட்மெண்ட் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரே இதுல இல்லையே" என்றார். அக்ரிமெண்ட் காண்ட்ராக்டர் பெயரில். எழுத்தில் அனுமதி வாங்காமல் வேலையை இன்னொருவருக்கு விடக்கூடாது என்று அதிலேயே நிபந்தனை இருக்கிறதாம். பணம் பற்றி எதுவானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். 5 மாதம் வெயிலில் நின்று வேலை பார்த்தவன், அந்தக் கட்டடத்துக்கு நான் யாருமில்லை என்று ஆகிவிட்டது.

10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். இறுதி பில் எப்போது பாஸானது, தொகை எப்போது கொடுக்கப்பட்டது, எம்.புக் நகல் வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் வந்தது. மார்ச் முதல் வாரத்திலேயே, அதாவது தேர்தல் அறிவிக்கும் முன்பே, அவருக்கு முழுப் பணமும் போயிருக்கிறது. கூடவே எம்.புக் நகல். இரண்டாம் பக்கத்தில் 7.20 பெருக்கல் 6.10, 43.92 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தது. கிழக்குப் பக்கத்து அறை. அன்றைக்கு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கீழே அளவை ஒப்புக்கொள்கிறேன் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. அளந்த அன்று அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

வக்கீலிடம் போனால் முதல் கேள்வி, சிறுதொழில் செய்கிறவர்களுக்கான உத்யம் பதிவு எப்போது எடுத்தீர்கள் என்பது. 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டத்தில் 45 நாளுக்குமேல் பாக்கி வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி கேட்கலாம், பாக்கித் தகராறை விசாரிக்கத் தனி கவுன்சிலும் உண்டு. நான் பதிவு எடுத்தது செப்டம்பரில், வேலை தொடங்கியது ஜூனில். முதலில் பதிவு இருந்தால்தான் சலுகை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கேள்வி 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தவிர கட்டட வேலை மாதிரி ஒர்க்ஸ் காண்ட்ராக்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதனால் அந்த வழி எனக்குச் சந்தேகம்தான். உங்களிடம் உத்யம் இல்லையென்றால் வேலைக்குக் கை வைக்கும் முன்பே எடுத்துவிடுங்கள், காசு கிடையாது, ஆதாரும் பான் நம்பரும் இருந்தால் போதும்.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடவும் இல்லை. நம் பெயரில் பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில், காண்ட்ராக்டர் எனக்கு 9,00,000க்கு 1 சதவீதம், 9,000 ரூபாய் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) காட்டியிருக்கிறார். அப்படியென்றால் இவ்வளவு தர வேண்டும் என்று அவர் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். என் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொள்ள வரி வரவும் எடுத்திருக்கிறார், 180 நாளில் எனக்குப் பணம் தராவிட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் பாக்கி தர்றேன் தம்பி" என்று அவர் அனுப்பியது, கல் லாரியில் வந்து இறங்கிய போட்டோ, கூலி நோட்டு, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். பாக்கிக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

3 லட்சத்துக்கு மேற்பட்ட வியாபாரத் தகராறு என்பதால் வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். சிவகங்கையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். முதல் தேதிக்கு அவர் வரவில்லை, இரண்டாவது நோட்டீஸ் போயிருக்கிறது. அதற்கும் வராவிட்டால் சமரசம் முறிந்தது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதை வைத்து நேராக வழக்குதான். இந்த ஆத்தங்குடிக்காரருக்கு மட்டும் போன மாதம் 30 ஆயிரம் புரட்டிக் கொடுத்துவிட்டேன். மீதி 55 இருக்கிறது.