ரெண்டர் படத்தைப் பார்த்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கையடக்க மின்னணுக் கருவிக்குக் கூடு வடிவமைத்துத் தர யாரையாவது அமர்த்தப் போகிறவர்கள், மீதித் தொகையை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏழு வாரங்களையும் பேசிய தொகை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

துணியின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதன் நிறத்தைக் குரலில் சொல்லும் கருவி என்னுடையது. பார்வையற்ற என் அக்காவுக்காகத் தொடங்கினேன். சர்க்யூட் போர்டை நானே வரைந்தேன். மேசை மேல் கம்பிகளோடு கிடந்தபடியே அது சரியாக நிறம் சொன்னது. கையில் பிடிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு கூடு வேண்டும். அந்த வேலை எனக்குத் தெரியாது என்பதால் இணையத்தில் ஒரு வடிவமைப்பாளரைப் பிடித்தேன். அவர் காட்டிய பழைய வேலைகளின் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

பாதிப் பணம் முன்பணம், படங்களைப் பார்த்து ஒப்புக்கொண்டதும் மீதி, அதன் பிறகு கோப்பு. இதுதான் ஏற்பாடு. நான்காம் வாரம் படங்கள் வந்தன, கணினியில் உருவாக்கி நிஜம்போல் காட்டும் ரெண்டர் படங்கள். மங்கலான சாம்பல் நிறக் கூடு, விரல் படியும் குழிவு, நிறத்தை அறியும் உணரிக்குச் சிறிய கண்ணாடி ஜன்னல், ஓரத்தில் மெல்லிய நிழல். கடையில் வாங்கிய பொருளைப் புகைப்படம் எடுத்ததுபோல் இருந்தது. அன்றே பணத்தை அனுப்பிவிட்டேன்.

வந்தது ஒரு ஸ்டெப் கோப்பு, அதாவது வளைவுகளையும் அளவுகளையும் துல்லியமாகப் பதியக்கூடிய முப்பரிமாண மாடல் கோப்பு. முப்பரிமாண அச்சில் எடுத்துப் பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. போர்டு உள்ளே உட்காரவில்லை. திருகுத் தூண்கள் நான்கும் என் போர்டின் துளைகளுக்கு நேராக இல்லை. 2 மி.மீ. திருகைத் துளையில் விட்டால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தில் ஜன்னல் இருந்த இடத்தில், கோப்பில் திறப்பே இல்லை, வெறும் சுவர். படத்தில் பார்த்த கண்ணாடி மேலே ஒட்டிய பூச்சுதான்.

மென்பொருளில் திறந்து குறுக்காக வெட்டிப் பார்த்தேன். திருகுத் துளை வட்டமாக இல்லை: அகலவாக்கில் 1.6 மி.மீ., நீளவாக்கில் 2 மி.மீ. தூணும் அப்படியே நீள்வட்டம். பக்கச் சுவர்கள் 2 மி.மீ. தடிமன், தலைப்பக்கமும் அடிப்பக்கமும் 2.5 மி.மீ. எங்கே அளந்தாலும் அதே 1.25 மடங்கு. வேறு எதற்கோ செய்த ஒரு கூட்டை எடுத்து, நீளவாக்கில் மட்டும் இழுத்து, என் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வட்டத்தை ஒரு திசையில் மட்டும் இழுத்தால் வேறு என்ன ஆகும்?

என் கூட்டின் நீளம் 150 மி.மீ.; 1.25-ஆல் வகுத்தால் 120. மாதிரிகளை இலவசமாகப் பகிரும் தளம் ஒன்றில் தேடி இரண்டு மாலைகளில் மூலத்தைக் கண்டுபிடித்தேன். செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு யாரோ மனமுவந்து கொடுத்தது. அதை எனக்கு விற்றிருக்கிறார். கவனிக்காமல் நான் இந்தக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தால் அந்த மீறல் என் தலையில் விழுந்திருக்கும். பணம் போனதைவிட இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது.

ஸ்டெப் கோப்பு வந்தால் அது ஒழுங்கான மாடல் என்று நானும் நம்பியிருந்தேன். முப்பரிமாண அச்சுக்குப் பரவலாகப் பயன்படும் எஸ்.டி.எல். கோப்பில் வளைவு என்பதே கிடையாது, எல்லாம் சிறு முக்கோணங்கள். அளவின் அலகுகூட அதில் பதிவாவதில்லை. அதை அப்படியே ஸ்டெப்பாக மாற்றிக் கொடுத்துவிட முடியும். கண்டுபிடிப்பது எளிது: வளைந்த பரப்பு ஒன்றைச் சொடுக்குங்கள். பரப்பு முழுவதும் ஒன்றாக ஒளிர்ந்தால் சரி. ஒரே ஒரு முக்கோணச் சில்லு மட்டும் ஒளிர்ந்தால் உங்களுக்கு வந்திருப்பது முக்கோண வலையின் மறுவேடம். அதில் ஒரு துளையை அரை மி.மீ. நகர்த்துவதற்குக்கூடப் படாதபாடு பட வேண்டும். ஒழுங்காக வரைந்த ஸ்டெப்பிலும் வரைந்த படிகள் இருக்காது என்பதால், மென்பொருளின் மூலக் கோப்பையும் தர வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நான் பின்னால் கேட்டபோது, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்.

போர்டு பொருந்தவில்லை என்று எழுதியதற்கு அவர் சொன்ன பதில்: "அதெல்லாம் மோல்டு செய்பவர் பார்த்துக்கொள்வார்." மோல்டு என்பது உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சு; அதைச் செய்யும் ஒருவரிடமே கோப்பைக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். சுவர்கள் எல்லாம் செங்குத்து. பிளாஸ்டிக் பொருள் மோல்டிலிருந்து உரசாமல் வெளியே வரக் குறைந்தது ஒரு பாகையாவது சாய்வு வேண்டும், மேற்பரப்பில் சொரசொரப்பு வேண்டுமென்றால் இன்னும் கூடுதல் சாய்வு. உள்ளே தாங்கும் விலாக்கள் சுவருக்குச் சமமான தடிமனில் இருந்தன. அவை சுவரில் ஏறக்குறைய பாதிதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஆறும்போது வெளிப்பக்கம் பள்ளம் விழும். முப்பரிமாண அச்சுக்கென்று செய்த மாதிரியில் இவை இல்லாதது மூலத்தைச் செய்தவரின் குற்றமல்ல. மோல்டுக்குத் தயாரானது என்று சொல்லி என்னிடம் அதை விற்றவரின் குற்றம்.

இந்தக் கருவியில் இன்னொன்றும் இருக்கிறது. நிற உணரிக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை விளக்கு எரியும். இரண்டுக்கும் நடுவே ஒளி கசியாத தடுப்புச் சுவர் இல்லாவிட்டால், துணியில் பட்டுத் திரும்பும் ஒளியோடு விளக்கின் நேரடி ஒளியும் கலந்து, கருநீலத்தைச் சாம்பல் என்று சொல்லும். அதை நம்பித்தான் என் அக்கா உடை உடுத்திக்கொண்டு வெளியே போவாள். முதல் கடிதத்திலேயே அந்தத் தடுப்பைப் படம் போட்டு விளக்கியிருந்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது வேறொருவர் வேலையைச் செய்கிறார். அவர் படம் எதையும் காட்டவில்லை. முதல் நாளே போர்டின் ஸ்டெப் கோப்பையும், எல்லா உறுப்புகளின் உயரத்தையும், பேட்டரியின் தரவுத்தாளையும் கேட்டார். பை வடிவ லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பும், அதற்கு இடம் விட வேண்டும் என்றார். யு.எஸ்.பி. சி திறப்பைப் போர்டில் இருக்கும் துளையின் அளவுக்கு வெட்டினால் போதாது, கேபிள் தலையின் பிளாஸ்டிக் உறையும் உள்ளே போக வேண்டும் என்று கேபிளை வெர்னியர் காலிப்பரில் அளந்து அனுப்பச் சொன்னார். வாரம் ஒருமுறை குறுக்குவெட்டுப் படம் அனுப்புகிறார். போர்டும் பேட்டரியும் கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அதில் தெரியும். ஒவ்வொரு கட்டத்தையும் அச்செடுத்துப் பொருத்திப் பார்த்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம்.

முதல் ஆள் என் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய பக்கத்தில் இப்போது முதலாவதாக இருப்பது என் கருவியின் படம், திறப்பே இல்லாத அந்த ஜன்னலோடு.