படத்துக்கு நூறு, புதினாவுக்கு முட்டை

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். அதனால்தான் பெர்மாகல்ச்சர் முறையில், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்து நீடித்து நிற்கும்படி, தோட்டம் வடிவமைத்துத் தரும் ஒரு நிறுவனம் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். வாட்டர்கலரில் கையால் வரைந்தது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த 12 சென்ட் செம்பொறை மண், படத்தில் பூவாக விரிந்திருந்தது. நடுவில் வட்டம், சுற்றிலும் ஆறு இதழ்ப் பாத்திகள். மண்டலத் தோட்டம் என்றார்கள். கட்டணம் 18,000 ரூபாய்; செடி, கல், ஆள் கூலி தனி.

இதழ்களுக்கு நடுவே சாவித்துளை மாதிரி ஒரு சந்து வரும். அதற்குள் குத்தவைத்து உட்கார்ந்தால் சுற்றியுள்ள செடி எல்லாம் கைக்கு எட்டும். பாதைக்குப் போகும் இடமும் மிச்சம். அந்த வளைவு கைநீளத்தால் வந்தது என்று புரிந்தபோது எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. என்ன, அளந்தது வடிவமைப்பாளர் தம்பியின் கையை வைத்து. அவர் ஆறடி. என் மனைவி ஐந்தடிக்கும் கீழே. கத்தரிக்காய் பறிக்கப் பாத்திக்குள் காலை வைத்துவிட்டாள். மண் மிதிபடக் கூடாது என்றுதானே இத்தனை வளைவும்? அப்புறம் நானே எல்லாப் பாத்தியையும் ஒரு சாண் குறுக்கினேன்.

சுருள் பாத்திதான் பெரிய ஏமாற்றம். கல்லை நத்தை ஓடு மாதிரி இடுப்புயரத்துக்கு அடுக்கி, வறட்சியைத் தாங்கும் செடி உச்சியில், ஈரம் கேட்பவை அடியில், வெயில் ஆகாதவை வடக்குப் பக்கம். போட்டோவுக்கு அருமை. பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் பெர்மாகல்ச்சரைப் புத்தகமாக்கியது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இருந்துகொண்டு. அங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். ஐரோப்பாக்காரர்கள் அதைத் தெற்கு என்று திருப்பிக்கொண்டார்கள்; நிழல் பக்கம் வடக்கானது. தம்பி அதை அப்படியே இங்கே வைத்துவிட்டார். ஆனால் நம் ஊரில் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்து நிற்கும், நிழல் தெற்கே விழும். வடக்குப் பக்கத்துப் புதினா மே மாதம் கருகிப்போனது. உச்சியில் வைத்த ரோஸ்மேரி அதற்கும் முன்பே போய்விட்டது.

அவர்கள் இடம் பார்க்க வந்தது மார்கழியில், ஒரே ஒரு அரை நாள். ஒரு மரத்தின் நிழலைக் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று தாளில் வரையச் சொல்லித்தான் எட்டாம் வகுப்புக்கே பாடம் ஆரம்பிப்பேன். கடைசியில் நானே ஒரு குச்சியை நட்டு, சுண்ணாம்புப் பொடியால் நிழலைக் கோடு போட்டு, வேம்புக்குக் கிழக்கே புதினாவை மாற்றினேன். பிழைத்துக்கொண்டது.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு காரியத்துக்காக அவர்களுக்குக் கும்பிடு போடுவேன். மூன்று குச்சியை 'ஏ' எழுத்து மாதிரி கட்டி, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிட்டு, தரையில் சமமட்டம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் தம்பி. கால் மாற்றி வைத்தாலும் நூல் அதே இடத்தில் நின்றால் மட்டம் சரி. அப்படி முளை அடித்துக்கொண்டே போனதில் தரையில் ஒரு நெளிகோடு வந்தது. எந்தச் சமச்சீரும் இல்லை. அந்தக் கோட்டில்தான் வாய்க்கால் வெட்டினோம். ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல், நீளமாக நின்று, மறுநாள் மண்ணுக்குள் போயிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அதை ஸ்கெட்ச் போட்டேன். அந்த வாட்டர்கலர் படத்தில் இந்தக் கோடு ஒரு மூலையில், மங்கலான நீலத்தில், பேருக்கு இருக்கிறது.

பாத்திரம் கழுவும் தண்ணீரை விட்ட வாழைக் குழியும் பழுதில்லை. ஒரு தார் வெட்டியாயிற்று.

கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். இரண்டு தடவை வரச் சொல்லுங்கள், அதில் ஒன்று சித்திரையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. பாத்தி அளக்கும்போது வீட்டில் யார் பறிக்கப்போகிறார்களோ அவர்களைக் கை நீட்டச் சொல்லுங்கள். ரோஸ்மேரி வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.