பழைய அங்குல வரைபடத் தாளா, செயற்கைக்கோள் படமா?

காரைக்குடிப் பக்கம் கண்மாயும் வண்டிப்பாதையும் தேடிச் சுற்ற நினைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும்.

செலவு: செயற்கைக்கோள் படம் கைப்பேசியிலேயே இலவசம். இந்திய நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குலத் தாளை (தாளில் ஒரு அங்குலம், தரையில் ஒரு மைல்) தேடித்தான் பிடிக்க வேண்டும். 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட தாள்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசம்தான். ஆனால் அவற்றில் 1 செ.மீ. என்பது தரையில் 2.5 கி.மீ.; ஊருணி தேட உதவாது.

எளிமை: படத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். தாளுக்கு எண் தெரிய வேண்டும்: காரைக்குடி, கானாடுகாத்தான் 58 ஜே/16, தேவகோட்டை 58 கே/13.

நீர்வழி: இதில் பழைய தாளுக்கு ஈடே இல்லை. சீமைக்கருவேலம் மூடிய கண்மாய், வானிலிருந்து பார்த்தால் வெறும் பச்சைக் காடு. தாளிலோ கரை தனிக் கோடாக நிற்கும். கரை இருக்கும் பக்கம் தாழ்வு, திறந்த பக்கம் மேடு. ஒரே உயர இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் 50 அடி உயரத்துக்கு ஒன்று என்பதால் நம் தட்டையான நிலத்தில் அபூர்வம். கண்மாய்க் கரைகளை வைத்தே சரிவைப் படித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

இன்றைய நிலை: படமே நம்பகம். 1947க்கு முன் அளந்த தாளில் அழகப்பா கல்லூரி இருக்காது.

பங்களா வீடுகளைப் பார்க்க வருபவருக்குப் படம் போதும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை மீட்க நினைக்கும் ஊராருக்குப் பழைய தாள்தான். அதைப் படத்தின்மேல் பொருத்திப் பார்த்துவிட்டு, கரையில் நடந்து சரிபார்க்க வேண்டும்.