பாக்கெட் அரசியலமைப்பு: அடிக்குறிப்புகளுக்காகவே வாங்கலாம்

பாரிமுனையில் ஒரு சட்டப் புத்தகக் கடையில் இந்திய அரசியலமைப்பின் ஆங்கிலப் பாக்கெட் பதிப்பை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் கோர்ட்டுக்கு என் பையில் வருகிறது. தாள் மெல்லிசு, பேனாவால் கோடு போட்டால் பின்பக்கம் தெரியும், பென்சில்தான் சரி. கட்டு தைத்தது, இதுவரை ஓர் ஏடுகூடக் கழன்று வரவில்லை. எழுத்து ரொம்பப் பொடி. நாற்பதைத் தாண்டியவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் இதைச் சிபாரிசு செய்வது அடிக்குறிப்புகளுக்காக. எது எந்தத் திருத்தத்தால் வந்தது, எது போனது என்று சொல்பவை அவை. போன மாதம் என் ஜூனியர் ஒரு வாதக் குறிப்பில் 'பிறப்புரிமை' என்று எழுதியிருந்தாள். "எந்த உறுப்பும்மா, எந்த ஆர்ட்டிகிள்?" என்று இந்தப் புத்தகத்தை நீட்டினேன். உரிமை மனிதனோடு கூடவே பிறக்கிறது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உயிர், சுதந்திரம், சொத்து மூன்றையும் இயற்கை உரிமை என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக். இதில் 31-ஆம் உறுப்பைப் பாருங்கள். சொத்துரிமை இருந்த இடத்தில், 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. இப்போது அது 300ஏ உறுப்பில் வெறும் சட்ட உரிமை, அடிப்படை உரிமை இல்லை. இயற்கை உரிமைப் பேச்சைப் பொய்க்காலில் ஏறி நிற்கும் உளறல் என்றார் ஆங்கிலச் சட்டச் சிந்தனையாளர் பெந்தாம். அவர் கட்சிதான் நான்.

அப்புறம் 359-ஆம் உறுப்பு. நெருக்கடி நிலையில், அடிப்படை உரிமைகளுக்காகக் கோர்ட்டுக்குப் போவதையே நிறுத்திவைக்கும் உறுப்பு. அதில் '20, 21 நீங்கலாக' என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அதே திருத்தம் சேர்த்ததுதான். 20 குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, 21 உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு. அந்தச் சொற்கள் இல்லாத 1976-இல், உச்ச நீதிமன்றத்தின் ஜபல்பூர் வழக்கில், விசாரணையில்லாமல் அடைபட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். உயிருக்கான உரிமை 21-ஆம் உறுப்பில் மட்டுமே குடியிருக்கவில்லை என்றார். அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனது அவர் பக்கம்தான் போகிறது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் பழைய தீர்ப்பு தவறு என்றது. ஆனால் 1976-இல் உள்ளே இருந்தவர்களுக்கு அவர் எழுதியதால் கதவு திறக்கவில்லை. அதனால்தான் அந்த அடைப்புக்குறியைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

குறை என்றால் பொருளகராதி. 'காவலில் வைத்தல்' பற்றித் தேடினால் பாதி உறுப்புகள் அதில் இல்லை. பழைய அச்சும் கடைகளில் கிடக்கிறது. 330ஏ இருக்கிறதா என்று பாருங்கள். மக்களவையில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் அந்த உறுப்பு 2023-இல்தான் சேர்ந்தது. இல்லையென்றால் அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.