ஹட்டன் குளிருக்குக் கப்பியா, கோல்ட் பிஷ்ஷா, சீப்ராவா?

மலைநாட்டு ஹட்டனில், ஜனவரி விடியற்காலையில் எங்கள் வீட்டு மீன்தொட்டி வெப்பமானி 18 பாகை காட்டுகிறது. 60 லீட்டர் தொட்டி. பீலியிலிருந்து, அதாவது மலை ஊற்றிலிருந்து, குழாயில் வரும் தண்ணீர். எந்த மீன் விடலாம் என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்த வெப்பமானியைத்தான் காட்டுவேன்.

பிள்ளைகள் கேட்பது கப்பியைத்தான். மலிவு, வண்ணம், மாதந்தோறும் குட்டி. ஆனால் அதற்கு 22 முதல் 28 பாகை வேண்டும். கொழும்பில் கவலையில்லை, பதுளையிலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். இங்கே துடுப்பை மடக்கி மூலையில் ஒதுங்கும். பிறகு உப்புத் தூவியதுபோல் உடலெல்லாம் வெள்ளைப் புள்ளி. பக்கத்து வீட்டுத் தம்பி பன்னிரண்டு வாங்கிவந்தான். பத்தாம் நாள் மிஞ்சியது இரண்டு. ஹீட்டர் போடலாம்தான். 100 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், மாதத்துக்கு 36. மழையில் மின்சாரம் போகும் இரவுக்கு அதுவும் உதவாது. போதாக்குறைக்கு, கப்பிக்குப் பிடித்தது கடினத் தண்ணீர். பீலித் தண்ணீரோ மென்மையானது, சவர்க்காரத்தைக் காட்டினாலே நுரைக்கும்.

கோல்ட் பிஷ் குளிருக்கு அஞ்சாது. அதன் சிக்கல் வயிறு. கடையில் விரலளவு இருப்பது ஒழுங்காக வளர்ந்தால் ஒரு சாணை எட்டும். ஓயாமல் தின்னும், ஓயாமல் கழிக்கும். 60 லீட்டரில் ஒன்றுக்கே நெருக்கடி. கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைத் தீங்கு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிரில் இன்னும் இழுக்கும். அடிக்கடி தண்ணீர் மாற்ற வாளி சுமக்க ஆள் இருந்தால் வாங்குங்கள்.

என் ஓட்டு சீப்ராவுக்கு, அதாவது நீல வரி போட்ட சீப்ரா டேனியோ என்ற சிறிய மீனுக்கு. 18 முதல் 24 பாகை போதும், நீளம் ஐந்து சென்றிமீற்றரைத் தாண்டாது. கப்பியின் வாலழகு இதற்கில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் ஒரு சிட்டிகை உணவைத் தூவியதும் நீலவரி மீன்கள் ஆறும் ஒரே வீச்சில் மேலே பாய்வதைப் பார்த்தால் தேநீர் ஆறிவிடும். தனியாக வளர்க்க வேண்டாம், குறைந்தது ஆறு மீன் வேண்டும். மூடியும் அவசியம், துள்ளி வெளியே விழும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே ஹீட்டர் இல்லாமல் சீப்ராவே மந்தமாகிவிடும். அவ்வூர்க்காரர்கள் வைட் கிளவுட் என்ற சிறிய சீன மீனைத் தேடலாம். 15 பாகையிலும் அது சுறுசுறுப்பாக நீந்தும்.

எதை வாங்கினாலும், கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த பையை உடனே கவிழ்க்காதீர்கள். அந்தத் தண்ணீர் நம்முடையதைவிட ஏழெட்டுப் பாகை சூடு. அரை மணி மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகப் பையில் சேர்த்து, பிறகு வலையால் எடுத்து விடுங்கள்.