யூர்-லெக்ஸ்: கொட்பேயிலிருந்து ஒரு பயனாளரின் மதிப்பீடு

திருகோணமலைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் சூரை ஐரோப்பாவுக்குப் போகவேண்டுமானால், அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்பதை உறுதிசெய்யும் பிடிச் சான்றிதழும் அதனோடு போகவேண்டும். அந்தத் தாள்களைத் தயாரித்துக் கொடுப்பதே என் தொழில் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் கட்டணமின்றித் தரும் யூர்-லெக்ஸ் இணையத்தளத்தைப் பெரும்பாலும் தினமும் திறக்கிறேன்.

தளத்தின் உயிர்நாடி, ஒவ்வோர் ஆவணத்துக்கும் அது தரும் தனி அடையாளமான செலெக்ஸ் இலக்கம்தான். எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டவிரோத மீன்பிடி ஒழுங்குவிதியை எடுத்துக்கொண்டால், முதலில் 3, அடுத்து 2008, பிறகு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து, கடைசியில் 1005 என்று வரும். மூன்று என்றால் சட்டவாக்கம், ஆறு என்றால் நீதிமன்றத் தீர்ப்பு. 'ஆர்' என்பது உறுப்பு நாடுகள் அனைத்திலும் நேரடியாகச் செல்லுபடியாகும் ஒழுங்குவிதியையும், 'எல்' என்பது இலக்கை மட்டும் விதித்து வழிமுறையை நாடுகளிடம் விட்டுவிடும் பணிப்புரையையும் குறிக்கும். இதைப் பழகிக்கொண்டால் தேடற்பெட்டியில் சொற்களைப் போட்டுத் தடுமாறும் வேலை மிச்சம்.

என்னை இத்தளத்தோடு கட்டிப்போட்டது இலங்கை மீன் மீதான தடை பற்றிய ஆவணங்கள். "ஐரோப்பா தடை விதித்தது" என்று ஒரே வரியில் பேசிவந்தோம். ஆவணங்களை வரிசையாகத் திறந்தபோதுதான், 2012 நவம்பரில் எச்சரித்ததும் 2014 ஒக்ரோபரில் சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க ஒத்துழையாத நாடு என்று அடையாளப்படுத்தியதும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு என்பதும், 2015 ஜனவரியில் அத்தகைய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் சபை என்பதும், 2016 ஜூனில் பெயரை நீக்கியதும் அதே சபைதான் என்பதும் விளங்கின. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் போதாமை, தண்டனைகள் தவறைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையாக இல்லாமை ஆகிய காரணங்களை, உறுப்புரைகளுக்கு முன்னால் வரும் முகவுரைப் பந்திகளிலேயே வாசிக்கலாம். பலரும் தாண்டிப்போகும் இப்பந்திகளைத்தான் நான் முதலில் வாசிப்பேன். (அரச தலைவர்கள் கூடும் ஐரோப்பியப் பேரவை, இந்த அமைச்சர்கள் சபை, ஒன்றியத்தின் அமைப்பு அல்லாத, ஸ்ட்ராஸ்பூர்க்கில் இயங்கும் ஐரோப்பாவின் பேரவை ஆகிய மூன்றையும் தமிழில் ஒரே பெயரால் எழுதிக் குழப்பும் வழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை.)

புதியவர்கள் கவனிக்கவேண்டிய பொறி ஒன்று உண்டு. திருத்தங்களை எல்லாம் சேர்த்துத் தொகுத்த வடிவம் வாசிக்க வசதியானது. ஆனால் அதற்குச் சட்ட வலு இல்லை. வலுவுள்ளது அதிகாரபூர்வ வர்த்தமானியில் வெளியான மூலம் மாத்திரமே. அதன் மின்பதிப்பே 2013 ஜூலை 1 முதல் அதிகாரபூர்வமானது. எச்சரிக்கை அந்தப் பக்கத்திலேயே இருந்தும் கவனியாமல், ஒருமுறை தொகுப்பை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதி, சட்டத்தரணி ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது தொகுப்பில் வாசித்து, மூலத்தில் சரிபார்த்த பின்பே எழுதுகிறேன். 1005 இலக்க ஒழுங்குவிதியை 2023ஆம் ஆண்டின் 2842ஆம் இலக்க ஒழுங்குவிதி திருத்தியிருப்பதால், பழைய பிரதியை அச்சடித்துக் கோவையில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போடுவது நல்லது.

மொழி விடயத்தில் நமக்கு வழியில்லை. அரை மில்லியன் பேர் வாழும் மால்டாவின் மொழி உட்பட ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகள் இருக்கின்றன. தமிழை எதிர்பார்க்க முடியாது. இரண்டு மூன்று மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் வசதியை, பிரெஞ்சு தெரிந்த புலம்பெயர் உறவினர் ஒருவருடன் சேர்ந்து பயன்படுத்தியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இரு பொருள்படும் வசனங்கள் சில பிரெஞ்சில் தெளிவாகிவிடுகின்றன.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கைபேசியில் சட்டங்களின் நீண்ட பின்னிணைப்புகளை, குறிப்பாகப் பிடிச் சான்றிதழின் மாதிரிப் படிவத்தை வாசிப்பது கண்ணுக்குச் சிரமம்; அதைப் பிடிஎப் கோப்பாக இறக்கி, கணினித் திரையில் திறந்து பாருங்கள்.